விண்முகில்களின் ஒளிப்பட வரலாறும் ஹட்டன் மலைநாடும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் செல்லும் வீதி சென்றடையும் பொகவந்தலாவையில், புனித மரியாள் பெயரால் அமைந்த சிறிய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று உண்டு. அதன் கல்லறைத் தோட்டத்தில் யூலியா மார்கரெட் கமரூன் என்னும் ஆங்கிலப் பெண்மணியும் அவர்தம் கணவர் சாள்ஸ் ஹே கமரூனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவரின் பெயர் இலங்கை வரலாறு கற்றோர்க்குப் புதியதன்று. 1833ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயர் அவருடையதே. மனைவியாரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞருள் முதல் வரிசையில் வைத்தெண்ணப்படுபவர். 1875ஆம் ஆண்டு இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1879 ஜனவரி 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ண் தோட்டத்தில் அம்மையார் காலமானார்.

வானத்து முகில்களைப் படம்பிடித்த வரலாற்றைக் கூறப் புகுமொரு கட்டுரை இக்கல்லறையில் தொடங்குவது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். அம்மையார் வானத்தை நோக்கித் தம் கருவியைத் திருப்பியவரல்லர். மனித முகங்களே அவருடைய பொருள். ஆயினும், அவர் படம்பிடித்த முகங்களுள் ஒன்று சேர் ஜோன் ஹேர்ச்சலுடையது. 1867ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அப்படம், கலைந்த வெண்டலையும் ஆழ்ந்த விழிகளுமாக, இன்றும் அறிவியல் வரலாற்று நூல்களிற் காணப்படுவது. ஹேர்ச்சலுக்கும் அம்மையாருக்கும் இடையிலிருந்த நட்பு 1830களில் நன்னம்பிக்கை முனையில் அரும்பியது. தம் மைந்தருள் ஒருவருக்கு ஹென்றி ஹேர்ச்சல் ஹே கமரூன் எனப் பெயரிடும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒளிப்படம் என்றொரு புதுமை தோன்றிய செய்தியை அம்மையாருக்கு எடுத்துரைத்தவரும் ஹேர்ச்சலே.

அந்நட்பு தொடங்கிய காலத்தில் ஹேர்ச்சல் முனையில் ஆற்றிக்கொண்டிருந்த பணி யாது? 1834 முதல் 1838 வரை அவர் அங்கு தங்கி, தென்வானத்து விண்முகில்களையும் விண்மீன் கொத்துகளையும் ஒவ்வொன்றாகக் கண்டு அட்டவணைப்படுத்தினார். அவ்வட்டவணையில் இடம்பெற்றவை 1700க்கும் மேற்பட்டவை. நெபுலா எனப்படும் விண்முகில் என்பது விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த திரள். தொலைகாட்டியினூடே நோக்குவார்க்கும் அது மங்கிய வெண்புகையாகவே தோன்றும். அதனை வரைய வேண்டியவர் இருளிற் கண்ணைப் பழக்கி, விளக்கொளியிற் கோடிட்டு, மீண்டும் இருளுக்குக் கண்ணைப் பழக்க வேண்டும். கரீனா மண்டலத்துப் பெருமுகிலை வரைந்து முடிக்க ஹேர்ச்சலுக்கு எத்தனையோ இரவுகள் தேவைப்பட்டன. ஒருவர் வரைந்ததும் மற்றவர் வரைந்ததும் தம்முள் ஒவ்வாமையால், முகில் மாறியதோ, கை மாறியதோ எனத் துணிய முடியாத நிலை நெடுங்காலம் நிலவிற்று.

இவ்விடர்ப்பாட்டுக்கு மருந்து ஒளிப்படமே என்பதை ஹேர்ச்சலைவிட நன்கறிந்தவர் எவருமிலர். வெள்ளி உப்புகளைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’ எனும் கரைசலின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவர் அவர். 1839இல் அதனை ஒளிப்படக்கலைக்கு வழங்கியவரும் அவரே. வானமும் வேதியியலும் ஆகிய இரண்டு துறைகளும் ஒரே மனிதரிடத்து அமைந்திருந்தன. இருந்தும் 1871இல் அவர் இறக்கும்வரை ஒரு விண்முகிலேனும் தட்டில் விழவில்லை.

தடை தட்டிலேயே இருந்தது. 1851இல் ஆச்சர் என்பார் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையையே கமரூன் அம்மையாரும் கையாண்டார். கண்ணாடித் தட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, அது ஈரமாயிருக்கும்போதே ஒளிபடச் செய்து, உடனே துலக்கிவிட வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைத்த அவகாசம் சில நிமிடங்கள் மாத்திரமே. ஈரம் உலர்ந்தால் தட்டு குருடாகிவிடும். ஒரு மனிதரை நாலைந்து நிமிடம் அசையாது அமரச் செய்யலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்து வந்து சேரும் மங்கிய ஒளிக்கு நாலைந்து நிமிடம் போதாது. அதற்கு மணிக்கணக்கிற் காத்திருக்கும் தட்டு வேண்டும்.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுட் பல தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் காட்டுவன. மலையகத்துத் தமிழர் ஒளிப்படத்திற் பதிவான மிகப் பழைய சான்றுகளுள் வைத்தெண்ணத்தக்க அப்படங்களிற் காணப்படுவோரிற் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. ஹேர்ச்சலின் படத்துக்குக் கீழே பெயருண்டு. குடத்தோடு நிற்கும் பெண்ணின் படத்துக்கு அது பெண் என்ற குறிப்பு மட்டுமே. யார் கருவியின் பின்னால் நின்றனர், யார் முன்னால் நிறுத்தப்பட்டனர் என்பது இக்கட்டுரையில் மீண்டும் எழும் வினாவாகும்.

அம்மையார் இறந்து இருபது மாதங்கள் கழிந்தபின், 1880 செப்ரெம்பர் 30ஆம் நாள், அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர், திருவாதிரை மீன் அமைந்த ஓரியன் கூட்டத்தின் பெருமுகிலை 11 அங்குல முறிதொலைகாட்டியால் 51 நிமிடம் ஒளிபடச் செய்து தட்டில் வீழ்த்தினார். விண்முகில் ஒன்றின் முதல் ஒளிப்படம் இதுவே. இதற்கு வழி திறந்தது ஈரத்தட்டின் இடத்தைப் பிடித்த ஜெலற்றின் உலர்தட்டாகும். அதனை 1871இல் முன்மொழிந்த மடொக்ஸ் என்பாரும் மருத்துவரே. 1883 ஜனவரி 30ஆம் நாள் இங்கிலாந்தில் சுகாதாரப் பொறியியலாளரான அன்றூ எயின்ஸ்லி கொமன், தம் வீட்டுத் தோட்டத்து 36 அங்குலத் தெறிதொலைகாட்டியால் அதே முகிலை 37 நிமிடத்தில் எடுத்தார். கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்கள் அப்படத்திற் புலனாயின. 1888இல் ஐசக் றொபேட்ஸ் அந்திரொமீடாப் பெருமுகிலைப் படம்பிடித்து அதன் சுருளமைப்பை உலகுக்குக் காட்டினார். இவர் கட்டடத் தொழிலிற் பொருளீட்டியவர். மூவருள் ஒருவரும் வானாய்வுக்கூடமொன்றிற் சம்பளம் பெற்றவரல்லர். பகலிற் பிறிதொரு தொழிலும் இரவில் வானமும் என வாழ்ந்தவர்களே இத்துறையைத் தொடக்கி வைத்தனர் என்பது கருதத்தக்கது.

இலங்கையிலும் அத்தகைய ஒருவர் இருந்தார். திருகோணமலைக் கோட்டையிற் கடமையாற்றிய இராணுவப் பொறியியலாளர் பேர்சி பிறேய்புறூக் மோல்ஸ்வேர்த் 1867இல் கொழும்பிற் பிறந்தவர். அவ்வாண்டிலேயே நிறைவெய்திய கொழும்பு–கண்டி இருப்புப்பாதைக்குப் பொறுப்பாயிருந்த கில்போர்ட் மோல்ஸ்வேர்த்தின் மைந்தர் அவர். கொமனின் ஆடியைச் செய்தளித்த கல்வர் என்பாரின் பட்டறையிலேயே உருவான 12½ அங்குலத் தெறிதொலைகாட்டியொன்றைத் திருகோணமலையில் நிறுவி, வியாழனையும் செவ்வாயையும் அவர் இடையறாது நோக்கினார். 1901இல் வியாழனின் தென்னயனப் பகுதியில் எழுந்த பெருங் குழப்பத்தை முதலிற் கண்டவர் அவரே. 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாயில் அவர் பெயரால் ஒரு பள்ளம் உண்டு. ஆயினும் அவர் பென்சிலாற் கோள்களை வரைந்தவரேயன்றி விண்முகில்களைத் தட்டிற் பதித்தவரல்லர். தென்வானமும் வடவானமும் ஒருசேரப் புலப்படும் இத்தீவில், அக்காலத்து நல்ல கருவியொன்று விண்முகிலுக்குப் பயன்படாது போனமை இழப்பென்றே கூறவேண்டும்.

இனி, வரலாற்றின் மறுகிளைக்கு வருவோம். ஒளியைத் திரட்டுதல் ஒரு கலை. திரட்டிய ஒளி எத்தகையது என ஆராய்தல் பிறிதொன்று. 1864 ஓகஸ்ட் 29ஆம் நாள், பட்டு வணிகக் குடும்பத்திற் பிறந்து, வணிகத்தை விட்டு வானியலை மேற்கொண்ட வில்லியம் ஹக்கின்ஸ், டிறேக்கோ மண்டலத்து விண்முகிலொன்றின் ஒளியை நிறமாலைகாட்டியினூடே செலுத்தினார். சூரியனுடையது போன்று வானவில்லாக விரியுமென எதிர்பார்த்த அவருக்குக் கிடைத்தது ஒரே பச்சைக் கோடு. கூர்ந்து நோக்கியபோது அதனருகே வேறிரு மெல்லிய கோடுகளும் தெரிந்தன. சுடர்விடும் வாயுவே இவ்வாறு தனிக்கோடுகளாக ஒளிரும். எனவே அம்முகில் விண்மீன்களின் கூட்டமன்று, வாயுவே என்பது உறுதியாயிற்று. கோடுகளுள் ஒன்று ஐதரசனுக்குரியது. பிரகாசமான பச்சைக் கோடோ பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ‘நெபுலியம்’ என்றொரு புதுத் தனிமம் கற்பிக்கப்பட்டு அறுபதாண்டுக்கு மேல் வழங்கிற்று. 1927இல் ஐறா போவன் அப்புதிரை விடுவித்தார். அது இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனின் ஒளி. பூமியில் எவ்வளவு சிறந்த வெற்றிடத்திலும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதி அவ்வொளியை வெளிப்படாமற் செய்துவிடும். விண்முகிலின் அளப்பரிய வெறுமையிலேயே ஓரணு தனித்திருந்து அவ்வொளியை விடுக்கும்.

இவ்வுண்மையே பின்னாளைய ஒற்றைநிற ஒளிப்படத்தின் அடிப்படை. விண்முகிலின் ஒளி சில குறித்த அலைநீளங்களிற் குவிந்துள்ளது. ஐதரசனின் சிவப்பு 656.3 நனோமீற்றர். ஒட்சிசனின் பச்சை 500.7. கந்தகத்தின் ஆழ்சிவப்பு 671.6, 673.1. எஞ்சிய ஒளியெல்லாம் முகிலைப் பொறுத்தவரை வேண்டாதது. அதனை விலக்கிவிட்டால் முகில் தானே வெளிப்படும்.

வேண்டிய கோட்டை மட்டும் பிரித்தெடுத்துப் படம்பிடிக்கும் அக்கலை ஆண்டாண்டுகாலமாக ஒழுங்காகப் பயிலப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டுக் கோடைக்கானல். அங்கு பொருளாயிருந்தது விண்முகிலன்று, சூரியன். எனினும் வாயுவின் ஒற்றைக்கோட்டு ஒளியில் படமெடுக்கும் நெறி ஒன்றே. கோடைக்கானலின் தோற்றத்துக்கும் ஹட்டன் மலைகளின் மக்களுக்கும் இடையே, இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு தொடர்பு உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பீடித்த பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உயிர்பிழைக்க வழிதேடிய குடும்பங்கள் பல கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தன. கமரூன் அம்மையார் இலங்கையில் வாழ்ந்த ஆண்டுகளும் இவையே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அதே 1877ஆம் ஆண்டு, நோர்மன் லொக்கியர் என்னும் வானியலாளரும் ஹண்டர் என்னும் இந்திய நிர்வாகியும் சேர்ந்து சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. மழையும் அதனோடு ஏறி இறங்குமாயின் பஞ்சத்தை முன்னறியலாம் என்பது அவர்தம் வாதம். அவ்வெளிய தொடர்பு பின்னைய ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே பஞ்சத்துக்குச் சூரியனைப் பொறுப்பாக்கிய ஆட்சியின் மனப்பாங்கும் அதில் ஒளிந்திருந்தது எனல் மிகையாகாது. எவ்வாறாயினும், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள உறவை அறியவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிற்று. 1893 யூலை 20ஆம் நாள் கெல்வின் பிரபுவின் தலைமையிற் கூடிய குழு, பழனி மலைகளிற் சூரிய ஆய்வுக்கூடமொன்றை அமைக்க முடிவுசெய்தது. 1899 ஏப்ரில் முதலாம் நாள் மிக்கி சிமித்தின் பொறுப்பில் கோடைக்கானல் வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. ஒரு பஞ்சம் மக்களை டிக்கோயா மலைகளுக்கும், அதைப்பற்றிய விவாதம் தொலைகாட்டிகளைப் பழனி மலைகளுக்கும் அனுப்பியது.

கோடைக்கானலில் 1904இல் வந்து சேர்ந்த ஒருநிறச் சூரியப்படக் கருவி ஓர் எளிய உத்தியில் இயங்குவது. சூரியனின் படிமத்தில் ஓர் ஒடுங்கிய கீற்றை மட்டும் உள்ளே விட்டு, அதன் ஒளியை நிறமாலையாக விரித்து, அந்நிறமாலையில் ஒரேயொரு கோட்டை மட்டும் இரண்டாவது கீற்றினூடே தட்டுக்குச் செல்லவிடுதல். படிமமும் தட்டும் ஒருங்கே நகர, சூரியன் முழுவதும் ஒரு தனிமத்தின் ஒளியில் வரையப்பட்டுவிடும். முதலில் கல்சியத்தின் ஊதாக் கோடு, 1912 முதல் ஐதரசனின் சிவப்புக் கோடு என நூறாண்டு காலப் பதிவு அங்கு சேர்ந்தது. 1907இல் அங்கு வந்து 1911 முதல் 1923 வரை இயக்குநராயிருந்த ஜோன் எவர்ஷெட்டும் தொடக்கத்தில் ஆர்வலரே. இலண்டனில் வேதியியற் பணியிலிருந்தபடி சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர் அவர். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்தினின்று வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அவர் கண்டறிந்தமை, கோடுகளைப் படிக்கும் கலைக்குக் கிடைத்த பெருவெற்றி.

சூரியன் ஒளியில் மிக்கது. ஆகவே கீற்றுக் கீற்றாக அதனைப் பிரித்தெடுக்க முடிந்தது. மங்கிய விண்முகிலுக்கு அது இயலாது. முகில் முழுவதையும் ஒரே வேளையில் உள்ளே விட்டு, ஒரு நிறத்தை மட்டும் கடக்கவிடும் கண்ணாடி வேண்டும். 1930களின் இறுதியில் உருவாகி, உலகப் போரின் பின் பரவிய குறுக்கீட்டு வடிகட்டிகள் இத்தேவையை நிறைவுசெய்தன. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய படலங்கள் பல கண்ணாடியில் அடுக்கடுக்காகப் படியவைக்கப்படும். படலங்களிடையே தெறித்துத் திரும்பும் அலைகள் குறித்த நிறத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், பிற நிறங்களில் அழிக்கும்.

1950களில் அவுஸ்திரேலியாவின் கொலின் கம் என்னும் இளைஞர், ஐதரசன் சிவப்பை விடும் வடிகட்டியோடு தென்வானத்தை அளந்து, 1955இல் தம் அட்டவணையை வெளியிட்டார். வேலா, பப்பிஸ் மண்டலங்களிற் பரந்து, வானத்தில் ஏறத்தாழ நாற்பது பாகை அகலமுடைய ஒரு மாபெரும் முகிலைக் கண்டவர் அவர். எண்பது முழுநிலவுகளை வரிசையாக வைத்தாலொத்த அகலம் அது. வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஹேர்ச்சல் அதனூடே எத்தனையோ இரவுகள் நோக்கியிருக்கிறார். காணும் வழி அவரிடம் இல்லை. 1960இல் சுவிற்சர்லாந்தில் பனிச்சறுக்கு விபத்தில் கம் இறந்தார். அம்முகில் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

தட்டின் காலமும் முடிவுக்கு வந்தது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், சிமித் ஆகிய இருவர் கண்டுபிடித்த சிசிடி என்னும் மின்னிணைப்புச் சில்லு, விழும் ஒளியில் மிகப் பெரும் பங்கை வீணாக்காது பற்றியது. 1995இல் ஹபிள் விண்தொலைகாட்டி கழுகு முகிலின் தூண்களைப் படம்பிடித்தபோது, கந்தகத்தைச் சிவப்பாகவும், ஐதரசனைப் பச்சையாகவும், ஒட்சிசனை நீலமாகவும் காட்டும் மரபு உலகெங்கும் பரவியது. இது பொய்நிறமன்றோ எனச் சிலர் குறைகூறுவர். அக்குறை முழுவதும் ஏற்கத்தக்கதன்று. ஐதரசனும் கந்தகமும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே சிவப்பு. நிறத்தை மாற்றியே அவற்றின் இருப்பிடங்களைப் பிரித்தறிய முடியும். மாற்றியதைச் சொல்லாது விடுவதே குற்றம்.

சில்லுகளும் வடிகட்டிகளும் விலை குறைந்து, இவ்வாய்ப்பு மீண்டும் வீட்டு முற்றங்களுக்கு வந்தது. 2022இல் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று. மார்செல் டிறெக்ஸ்லர், சேவியர் ஸ்ரொட்னர், யான் செயின்ரி ஆகிய ஆர்வலர், 106 மில்லிமீற்றர் விட்டமே உடைய சிறு முறிதொலைகாட்டியோடும் ஒட்சிசன் வடிகட்டியோடும் நூறு மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒளியைச் சேர்த்து, அந்திரொமீடாவின் அருகே ஒன்றரைப் பாகை நீளமான பச்சைநீல வில்லொன்றைக் கண்டனர். அது எங்கள் பால்வழிக்குள் உள்ளதா, அந்திரொமீடாவோடு தொடர்புடையதா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. எங்கிருப்பினும், றொபேட்ஸ் 1888இல் படம்பிடித்த நாள் முதல் வானத்தில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றின் அருகிலேயே முழுநிலவின் மூன்று மடங்கு நீளமானதொன்று 134 ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாதிருந்தது. பெரிய தொலைகாட்டிகள் அதனைத் தவறவிட்டமைக்குக் காரணம் உண்டு. அவை வானத்தின் சிறு பரப்பையே காண்பன. ஒரே திசையில் இருபது இரவு செலவிடும் உரிமை அங்கு எவர்க்கும் எளிதிற் கிட்டாது. செலவழிக்கத்தக்க நேரமே ஆர்வலரின் செல்வம்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு ஹட்டனை நோக்கினால், அதன் வானமும் விளக்கும் தனிக்கதையாக விரிகின்றன. 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை அடைந்தது. கோப்பி நோயுற்று அழிய, தேயிலை அம்மலைகளை மூடியது. 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாகல நீர்த்தேக்கங்களின் நீரும் அத்திட்டத்தோடு இணைந்தது. தீவின் நகரங்களுக்கு ஒளி கொடுத்த ஆறுகள் இத்தோட்டங்களினூடே ஓடின. அவற்றின் கரையிலிருந்த லயன் அறைகளிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்னொளி பிந்தி வந்தமையால் வானம் இருண்டிருந்தது என்பதைப் பெருமையாகக் கூறுவது பொருந்தாது. ஒரு சமூகம் வறுமையின் பேரால் பெற்ற இருளை வானியலாளர் வரமென்று கொண்டாடுதல் நாகரிகமன்று. லயத்துக்கு விளக்கும் வேண்டும், முகிலுக்கு இருளும் வேண்டும் என்னும் முரணை ஒற்றைநிற வடிகட்டி ஓரளவு தீர்த்துவைக்கின்றது. பழைய வீதி விளக்குகளின் சோடிய ஒளி 589 நனோமீற்றர் அளவிலும், இரச ஒளி 546, 436 ஆகிய அலைநீளங்களிலும் குவிவது. இன்றைய வெள்ளை எல்ஈடி விளக்கு நிறமாலை முழுவதும் சிதறுவது. ஏழு நனோமீற்றர் அகலமான ஐதரசன் வடிகட்டி முன்னவற்றை அடியோடு தடுக்கும். கண்ணுக்குப் புலனாகும் ஏறத்தாழ முந்நூறு நனோமீற்றர்ப் பரப்பில் அது கடக்கவிடுவது ஏழே என்பதால், எல்ஈடி ஒளியிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே உள்ளே நுழையும். முகிலின் ஐதரசன் ஒளியோ ஏறத்தாழ முழுமையாகக் கடக்கும்.

விளக்குகளைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. டிசெம்பர்ப் பூரணை முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலையின் படிக்கட்டுகள் இரவெல்லாம் விளக்கேற்றப்பட்டு, மலையுச்சி வரை ஒரு ஒளிச்சரமாகத் தோன்றும். ஹட்டன் பகுதியில் வானம் தெளியும் மாதங்களும் ஜனவரி முதல் மார்ச் வரையே. ஒளியின் பெயர் தாங்கிய மலை ஒளிரும் பருவமும், மங்கிய முகிலைத் தேடத்தக்க பருவமும் ஒன்றாய் அமைந்தன. யாத்திரிகரை இருளிற் படியேறச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வடிகட்டியை இட்டுக்கொள்ளல் எளிது.

ஹட்டன் வடக்கு அகலக்கோடு ஏறத்தாழ 6.9 பாகையில், கடல்மட்டத்துக்கு மேல் 1200 மீற்றருக்கும் அதிக உயரத்தில் அமைந்துள்ளது. ஓரியன் பெருமுகில் அங்கு 78 பாகை உயரத்துக்கு எழும். மொனோசெரஸ் மண்டலத்து ரோசாமுகில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே செல்லும். ஹேர்ச்சல் முனையில் வரைந்து களைத்த கரீனா முகில் 23 பாகை உயரத்திலும், கம் கண்ட மாமுகில் நாற்பது பாகை அளவிலும் தென்மலைகளுக்கு மேலே நிற்கும். கரீனாவையும் அந்திரொமீடாவையும் ஒரே முற்றத்திலிருந்து காணும் வாய்ப்பு ஐரோப்பியர் எவர்க்கும் தம் ஊரிற் கிட்டாதது. தமிழ்நாட்டு ஜவ்வாது மலையின் காவலூரில் 1960களின் இறுதியில் வைணு பாப்பு விண்மீன் ஆய்வுக்கான கூடத்தை அமைத்தபோது, தென்வானம் புலப்படும் தாழ்ந்த அகலக்கோடு என்பதும் அவர் கருதிய நன்மைகளுள் ஒன்று. ஹட்டன் காவலூரினும் தெற்கே உள்ளது.

இடர்களும் அவ்வகலக்கோட்டிலேயே பிறக்கின்றன. வானம் மணிக்குப் பதினைந்து பாகை சுழல்வது. நீண்ட ஒளிப்படத்துக்குத் தொலைகாட்டியைத் தாங்கும் அச்சு வானத்தின் துருவத்தை நேராக நோக்கவேண்டும். வடநாடுகளில் துருவ மீனைக் குறிகாட்டியினூடே கண்டு அச்சைச் சரிசெய்துவிடுவர். ஹட்டனில் துருவமீன் அடிவானிலிருந்து ஏழு பாகை உயரமே. பெரும்பாலும் அது ஒரு தேயிலைக் குன்றின் பின்னே மறைந்திருக்கும். தென்துருவமோ நிலத்துக்குக் கீழே. சில தாங்கிகளின் அச்சை அவ்வளவு தாழ இறக்கவும் இயலாது. இறக்கினும் எதிர்நிறை தாங்குகாலில் முட்டும். எனவே, உச்சிக் கோட்டருகே ஒரு மீனைத் தெரிந்து, அது வடக்கோ தெற்கோ மெல்ல விலகும் அளவைக் கொண்டு அச்சின் பிழையைக் கணித்துத் திருத்தும் பழைய முறையையே கையாளவேண்டும். அது பொறுமையைச் சோதிப்பது. பள்ளத்தாக்கிலிருந்து நள்ளிரவுக்குப் பின் எழும் மூடுபனியும், வில்லையில் படியும் பனிநீரும் வேறு. வில்லையைச் சுற்றி இளஞ்சூட்டுப் பட்டி கட்டாதார்க்கு ஒரு மணிநேரத்தில் விண்மீன்களெல்லாம் விண்முகிலாகிவிடும்.

பாதீட்டுச் சுமையும் சிறிதன்று. நல்ல வடிகட்டியொன்றின் விலை தோட்டத் தொழிலாளர் ஒருவரின் ஒரு மாத ஊதியத்தை விஞ்சுவது. தொலைகாட்டியும் தாங்கியும் சில்லும் அதற்கு மேலே. மொரட்டுவை ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 1996இல் யப்பானின் உதவியோடு நிறுவப்பட்ட 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி, நகர வெளிச்சத்தின் நடுவே இருப்பினும் பலர் ஒன்றாகப் பயன்படுத்துவது. அத்தகைய பொதுக் கருவியொன்றை மலையகப் பாடசாலையொன்று கொண்டிருப்பின், செலவு பலர்மேற் பகிரப்படும். பழைய ஒளிப்படக் கருவியொன்றின் சில்லுக்கு முன்னே உற்பத்தியாளர் பொருத்திய சிவப்புத் தடையை அகற்றி, அதில் ஐதரசன் வடிகட்டியை இட்டு, ஐந்து நிமிடப் படங்கள் நாற்பதை எடுத்துக் கணினியில் ஒன்றாய் அடுக்குதல் இன்று எங்கும் வழங்கும் முறை. டிரேப்பரின் 51 நிமிடத்துக்கு எதிரே இருநூறு நிமிடம். அவர் தட்டினும் பன்மடங்கு கூர்மையான சில்லு.

மார்ச் மாதத்துத் தெளிந்த இரவொன்றில் இதனைச் செய்பவர் முதலில் மேற்கே சாயும் ஓரியனை எடுப்பார். நள்ளிரவளவில் கரீனா தெற்கே உச்சங்கொள்ளும். விடியலுக்கு முன் லகூன் முகிலும் கழுகு முகிலும் கிழக்கே ஏறும். அதற்குள் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினின்று பனி எழுந்து கல்லறைத் தோட்டத்தை மூடியிருக்கும். பிரட்டுக்களத்துக்குப் புறப்படுவோரின் விளக்குகள் லயங்களில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். வடிகட்டியிட்ட சில்லில் அவ்விளக்குகள் பதியா.